மின்னல் மணம்

குமாரபுரம்,
திருவனந்தபுரம்.
16.6.2003

அண்ணனுக்கு,

இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அடுத்த முறை மதினி எடுத்து, "அவுக குளிக்காக, வடிவு" என்றாள். அப்போது பிற்பகல் மூன்று மணி. அதனால் எழுதுகிறேன். என் வீட்டிலிருந்து உங்கள் லாட்ஜுக்கு நடந்தே வந்துவிடலாம். வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சனிக்கிழமை தங்கியிருப்பவர்கள் எல்லோர் முன்னாலும் என்னை வெளியே போகச் சொல்லிக் காட்டிவிட்டீர்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் லாட்ஜில் அறைகளைத் துடைக்கும் ஜெபமலர் அன்று காலை மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவில் ஒரு பெஞ்சில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன். பேச வாயைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. மூச்சு விடும்போது மார்பில் விசில் கேட்டது. மருந்துப் புகையை மூச்சில் இழுக்க வைத்த பிறகு சொன்னாள்: "அந்த மெஷின் வச்ச ரூமுக்குள்ள போனா நெஞ்சுக்குள்ள கீறுது அக்கா. வெளிய வந்தா கொஞ்சம் கொள்ளாம். பொறவு அடுத்த ரூம்."

அண்ணா, அது ஓசோன் மெஷின். ஆறு வருடமாக என் வேலையே இதுதான்: மனிதர்களின் மூச்சுக்குழாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்த செல்களை ஒரு மெல்லிய சவ்வின்மேல் வளர்த்து, அவற்றின் மேல் ஓசோன் கலந்த காற்றை விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பது. நல்ல செல்களின் தலையில் நுண்மயிர்கள் இருக்கும். அவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓசோன் பட்டால் அந்த அசைவு திட்டுத்திட்டாக நிற்கிறது. ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருந்த செல்கள் விலகி, நடுவே கசிவு உண்டாகிறது. அந்தக் கசிவு வழியாகத்தான் அழற்சி தொடங்குகிறது.

மெஷின்களை நிறுத்துங்கள். அதுவரை ஜெபமலரை அறைகளுக்குள் அனுப்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன். உங்களை அவமானப்படுத்த வரவில்லை.

வடிவாம்பாள்


நயினார் லாட்ஜ்,
மெடிக்கல் காலேஜ் பின்புறம்,
திருவனந்தபுரம்.
19.6.2003

டாக்டர் வடிவாம்பாள் அவர்களுக்கு,

தங்கை என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

அவமானப்படுத்த வரவில்லை என்கிறாய். தென்காசியிலிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்த ஒரு கிழவர் சாவி வாங்க நிற்கிறார். அவர் காதுபட, "இந்த லாட்ஜ் காற்று விஷம்" என்று கத்தினாய். அவர் மகன் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டான். இதற்கு உன் ஆய்வுக்கூடத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

என் லாட்ஜுக்கு யார் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள். இந்த ஊர் மழையில் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் மெத்தையில் பூஞ்சை, சுவரில் பச்சை. கீமோ எடுத்துவிட்டு வருகிற பெண்களுக்கு அந்த வாடை பட்டதும் குமட்டும். அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ பார்த்ததில்லை. நீ கண்ணாடித் தட்டைப் பார்க்கிறவள்.

அதற்காகத்தான் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பி அந்த மெஷின்களை வாங்கினேன். மாடிக்கு ஒன்று, என் படுக்கை அறையில் ஒன்று. கெட்டது என்றால் நான் படுக்கிற இடத்தில் வைப்பேனா? நோயாளி சிகிச்சைக்குப் போனதும் சுதீஷ் மெஷினை உள்ளே வைத்து ஜன்னலை அடைக்கிறான். அரைமணி கழித்து எடுக்கிறான். கதவைத் திறந்தால் இடி விழுந்த மறுநிமிஷம் வருமே, அந்த மின்னல் மணம். எத்தனை பேர் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, இப்பதான் மூச்சு விட முடியுது" என்று சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

நான் இதை ஏனோதானோ என்று செய்யவில்லை. தினமும் ஒவ்வொரு மாடியிலும் நானே நின்று மோந்து பார்க்கிறேன். மணம் போதவில்லை என்றால், "போரா, கூட்டு" என்று சுதீஷிடம் சொல்கிறேன். ஆரம்பத்தில் இரண்டில் வைத்தது இப்போது ஐந்தில் நிற்கிறது. மெஷின் பழசாகிறது. அடுத்த மாதம் புதிது வாங்கவேண்டும்.

ஜெபமலருக்கு இருமல் என்றால் அவள் புருஷன் யோசுவா வீட்டுக்குள் இழுக்கிற பீடியைக் கேள். கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லும் மனுஷியும் ஒன்றா?

கோமதிநாயகம்


குமாரபுரம்,
24.6.2003

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். என்னைத் திட்டிய பகுதிக்காக இல்லை. "நானே மோந்து பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்காக.

மெஷின் பழசாகவில்லை, அண்ணா. உங்கள் மூக்கு பழகிவிட்டது. ஓசோனை முதலில் மோப்பவனுக்கு மிகக் குறைவாக இருந்தாலும் தெரியும். அதே காற்றில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியாமல் போய்விடும். நீங்களோ இரவு முழுவதும் அதற்குள்ளேயே தூங்கி எழுந்து, அந்த மூக்கை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய், "போரா" என்கிறீர்கள். மணம் வரவில்லை என்று கூட்டுகிறீர்கள். கூட்டியதும் பழகுகிறது. மறுபடி கூட்டுகிறீர்கள். இரண்டிலிருந்து ஐந்துக்கு இப்படித்தான் வந்திருக்கிறது.

மெஷினோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள். ஆள் இல்லாத அறையில் வைக்கவேண்டும், பிறகு எல்லா ஜன்னல்களையும் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடவேண்டும் என்று அச்சடித்திருக்கும். உங்கள் லாட்ஜில் நோயாளி மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார், மழைச் சாரல் மெத்தையில் அடிக்கும் என்று ஜன்னலைத் திறப்பதே இல்லை. சுதீஷ் மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். அதே கதவு வழியாக ஜெபமலர் வாளியோடு உள்ளே போகிறாள். நோயாளிகள் ஆறு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் நாள் முழுவதும் அறை விட்டு அறை போகிறவள், வருடக்கணக்கில்.

தட்டும் மனுஷியும் ஒன்றா என்று கேட்டீர்கள். ஒன்றில்லை. தட்டில் உள்ள செல்லுக்கு இருமத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். தேங்காயெண்ணெயைத் திறந்து வைத்தால் காறிப்போகிறதே, காற்று கொழுப்பை அரித்துத்தான் அது நடக்கிறது. செல்லைச் சுற்றியிருக்கும் தோலும் கொழுப்பால் ஆனது. ஓசோன் அதை நிமிஷங்களில் அரிக்கிறது. அரித்ததும் அங்கே உண்டாகும் கழிவுகள் உள்ளே போய், பக்கத்துச் செல்களுக்கும் அபாயச் செய்தி கொடுக்கின்றன. வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. குழாய் வீங்குகிறது. ஜெபமலரின் மார்பில் கேட்ட விசில் அந்த வீக்கத்தின் சத்தம். பீடி அதைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மூச்சு முட்டுவதில்லை என்கிறாள். யோசுவா ஞாயிற்றுக்கிழமை பீடியை விடுகிறவன் இல்லை.

நாளை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் எவரையாவது உங்கள் படுக்கை அறைக்குள் கூப்பிட்டு என்ன மணக்கிறது என்று கேளுங்கள். என் பேச்சை நம்பவேண்டாம்.

வடிவாம்பாள்


நயினார் லாட்ஜ்,
28.6.2003

வடிவாம்பாளுக்கு,

ஜெபமலர் நேற்று முதல் வேலைக்கு வரவில்லை. மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டாளாம். "டாக்டரம்மா போகச் சொன்னாவ" என்று அம்மிணியிடம் சொல்லியிருக்கிறாள். துணி துவைக்கிற அம்மிணியை இப்போது எந்த மாடிக்கு அனுப்ப? நீ வந்து துடைப்பாயா?

என் படுக்கை அறைக்குள் யாரைக் கூப்பிட்டு மோக்கச் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு நீ தேவையில்லை. என் மூக்கைப் பற்றி உன் மதினி நாச்சியார் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. "ஒங்களுக்கு சாம்பார் ஊசிப்போனாக்கூடத் தெரியாது" என்பாள். அது சமையலை மறைக்கச் சொல்வது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சுதீஷ் ஞாபகப்படுத்தினான். போன வருடம் ஓணம் கழிந்ததும் நீ ஒரு சின்னப் பிரஷ்ஷும் ஐஸ் பெட்டியுமாக வந்தாய். "ஆரோக்கியமான ஆட்களுடைய மூக்குச் செல் வேண்டும், உங்கள் ஆட்கள்தான் நல்லது" என்று சொல்லி, ஜெபமலர், அம்மிணி உள்பட ஆறு பெண்களின் மூக்கில் சுரண்டி எடுத்துப் போனாய். நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன். நீ அவர்களுக்கு ஆளுக்கொரு சோப்பு கொடுத்தாய்.

அந்தச் செல்கள் என்ன ஆயின, டாக்டர்? அப்போதே மெஷின்கள் இங்கே இருந்தன. நீ பார்த்திருப்பாயே. பார்த்துவிட்டு ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டு, இப்போது என் வாசலில் நின்று கத்துகிறாயா? இல்லை, ஒன்றும் கெடவில்லை என்றால், எதற்குக் கத்துகிறாய்?

இரண்டில் ஒன்றைச் சொல்.

கோமதிநாயகம்


குமாரபுரம்,
9.7.2003

அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் நீங்கள் கேட்ட கேள்வி. பழைய பதிவுகளை எடுத்துப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். பார்த்த பிறகும் சில நாள் எழுதவில்லை.

எங்கள் சோதனையில் ஓசோன் படாத, நல்ல செல்கள் ஒரு பக்கம் வேண்டும். கெட்டதை அவற்றோடுதான் ஒப்பிட முடியும். புகை பிடிக்காத, விறகடுப்பில் சமைக்காத பெண்களைத் தேடினேன். உங்கள் லாட்ஜ் பெண்கள் விறகடுப்பு ஊதுவதில்லை, அங்கே எல்லாம் கேஸ் அடுப்புச் சமையல்தான். "என் லாட்ஜ் மாதிரி சுத்தமான காற்று இந்த ஊரில் கிடையாது" என்று நீங்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எங்கே தேடிப்போவது, நம் வீடு போல ஓர் இடம் இருக்கிறதே என்று வந்தேன்.

ஐந்து பேருடைய செல்கள் சவ்வில் சரியாக ஒட்டவில்லை. ஒட்டியவற்றிலும் மயிர்கள் உதிர்ந்திருந்தன. சிலவற்றில் அழற்சியின் அடையாளம் இருந்தது. அம்மிணியுடையது மட்டும் அழகாக வளர்ந்தது. அன்று ஊர்வலம் ஒன்றில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. ஐஸ் உருகிவிட்டது, வழியில் கெட்டுவிட்டன என்று நினைத்தேன். "மாதிரிகள் பழுது" என்று எழுதி ஐந்தையும் குப்பையில் போட்டேன். அம்மிணியுடையதை வைத்துக்கொண்டேன்.

ஐஸ் உருகியிருந்தால் ஆறும் கெட்டிருக்கவேண்டும். அது அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். அம்மிணி மொட்டைமாடியில் துவைக்கிறவள், அறைகளுக்குள் போகாதவள் என்பது எனக்குத் தெரியாது. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. வயதைக் கேட்டேன், புகைப்பழக்கத்தைக் கேட்டேன், சோப்பைக் கொடுத்தேன்.

இரண்டில் ஒன்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். பார்த்தேன். பார்த்தது என்னவென்று தெரிந்துகொள்ளவில்லை. இதை வைத்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் குத்துங்கள். என் மேல் குற்றம் இருப்பதால் உங்கள் மெஷின் நல்லதாகிவிடாது. ஊருக்குப் போன ஜெபமலரைத் தவிர மற்ற நான்கு பெண்களும் நேற்றும் அந்த அறைகளுக்குள் போனார்கள். அவர்களோடு அம்மிணியையும் அனுப்பிவிடாதீர்கள்.

வடிவாம்பாள்


நயினார் லாட்ஜ்,
14.7.2003

வடிவாம்பாளுக்கு,

ஆக, குப்பையில் போட்டாய்.

என்னை விஷம் வைக்கிறவன் என்றவள் நீ. கையில் ஆதாரத்தை வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, குப்பையில் போட்டவளும் நீ. நான் படிக்காதவன், மூக்கை நம்பினேன். நீ எதை நம்பினாய்? ஆட்டோவையா?

இனி எனக்குப் பாடம் நடத்தி எழுதவேண்டாம். என் மகள் ஆர்யாவுக்கு வரன் முடிந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்காக நாளை நாங்கள் திருநெல்வேலிக்குப் போகிறோம். ஆடி பிறக்குமுன் முடித்துவிட்டு, மற்ற வேலைகளுக்காக அங்கேயே தங்குகிறோம். நீ வரவேண்டாம். அத்தை எங்கே என்று ஆர்யா கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

நான் இல்லாதபோது லாட்ஜுக்குள் நீ கால் வைத்தால் தடுக்கச் சொல்லி சுதீஷிடம் சொல்லியிருக்கிறேன். அவன் உன்னைவிட மரியாதையாகத் தடுப்பான்.

கோமதிநாயகம்


குமாரபுரம்,
5.8.2003

அண்ணனுக்கு,
(திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை முகவரிக்கு)

ஆர்யா போன் செய்தாள். அவளிடம் வாழ்த்தைச் சொல்லிவிட்டேன். அதற்காக எழுதவில்லை.

போன வாரம் ஜெபமலர் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் அடுப்பு எரியவேண்டும், வேறு இடம் கிடைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் இருந்த நாட்களில் இருமலே இல்லை என்றாள். சுதீஷ் அவளை மறுபடியும் இரண்டாம் மாடிக்கு அனுப்பினான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு நீங்கள் சொன்னதுதான் சட்டம். நான்காம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மிணிதான் ஆட்டோ பிடித்திருக்கிறாள். இந்தத் தடவை உதடு நீலமாகிவிட்டது. வார்டில் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

பிழைத்துக்கொள்வாள். காற்று மாறினால் தேறுவாள் என்கிறார் டாக்டர். பழைய மூச்சு முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன். இன்னொரு தடவை அந்த அறைகளுக்குள் போனால் திரும்பாது என்பதை மட்டும் சொன்னார்.

வரும் திங்கட்கிழமை சுகாதார அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கிறேன். அதில் உங்கள் பெயர் இருக்கும். குப்பையில் போட்ட ஐந்து மாதிரிகளோடு என் பெயரும் இருக்கும். அதற்குமுன் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் இது.

வடிவாம்பாள்


நயினார் லாட்ஜ்,
16.8.2003

வடிவுக்கு,

நீ புகார் கொடுத்த ஆபீசிலிருந்து புதன்கிழமை ஆள் வந்தான். "மெஷின் எவிடெ?" என்றான். காட்டினேன். மூன்றும் பின்னால் ஷெட்டில், ஒயர் அறுத்துக் கிடந்தன. ஏமாற்றத்தோடு காப்பி குடித்துவிட்டுப் போனான். உன் புகாருக்குப் பயந்து அறுத்தேன் என்று நினைத்துவிடாதே. அது நீ புகார் கொடுப்பதற்கு முந்தின நாளே நடந்தது. என்ன நடந்தது என்று நான் சொல்லாவிட்டால் நாச்சியார் சொல்லிவிடுவாள், அவள் கூட்டிச் சொல்லுவாள், ஆகவே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினோம். நாங்கள் இல்லாதபோதும் பூஞ்சை பிடித்துவிடக்கூடாது என்று சுதீஷ் என் படுக்கை அறையில் மெஷினைத் தினமும் போட்டு வைத்திருக்கிறான். கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்க முடியவில்லை. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. தொண்டையில் யாரோ சீப்பை வைத்து இழுத்த மாதிரி. நாச்சியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கே ஓடிவிட்டாள். மெஷின் வெடித்துவிட்டது என்று நினைத்து சுதீஷைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சாரே. இது எப்போழும் உள்ள மணம்தன்னே" என்றான்.

"எத்தனைல வச்சிருக்கே?" என்றேன்.

"மூணு. சாரு இல்லாததால கொறச்சு வச்சேன்."

மூன்று. ஐந்தில் நின்று நான் "போரா" என்றவன். அந்த வாசலில் நின்றபடியே, ஒயர்களை அறுக்க அரிவாளை எடுத்துவரச் சொன்னேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். ஜெபமலர் என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். படு என்றேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"ஊர்லேந்து வந்தியளா மொதலாளி?"

"வந்தேன்."

"ரூமுல மோந்து பாத்தியளா?"

"பார்த்தேன்."

"போருமா?" என்றாள்.

யோசுவா பக்கத்தில் நின்று, "சும்மா கெட பிள்ளே" என்று அவளை அதட்டினான். அவள் சும்மா கிடக்கவில்லை. "நீங்க வருவிய, வாசல்ல நின்னு மோந்துட்டுப் போவிய. நாங்கல்லா உள்ள நின்னோம்" என்றாள். கூலிக்கு நிற்கிறவள் என்னை இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். தேறினால் சாவி கொடுக்கிற மேசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் திறந்து கிடந்தால் வருவேன் என்கிறாள். எனக்கு நிபந்தனை போடுகிறாள்.

எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கின்றன. சாரல் அடிக்கிறது. மெத்தைகளை வெயில் கண்ட நேரம் மொட்டைமாடிக்குத் தூக்குகிறோம். சுவரில் மறுபடி பச்சை வருகிறது, அம்மிணி சுண்ணாம்பு அடிக்கிறாள். பூஞ்சை வாடை என்று நேற்று ஒரு நோயாளியின் மனைவி சண்டை போட்டாள். எனக்கும் அந்த வாடை வருகிறது. இத்தனை வருடம் வராத வாடை. சாம்பார் ஊசியிருந்ததும் நேற்று தெரிந்தது, நாச்சியாரிடம் சொல்லவில்லை.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. என் வாசலில் கத்தியதற்கும், ஒன்பது மாதத்துக்கும் நீ எனக்குப் பதில் சொல்லவேண்டியவள். அந்த ஐந்து பேருக்கும் நாம் இரண்டு பேரும் பதில் சொல்லவேண்டியவர்கள். அதை வேறு யாரிடமும் நான் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பிரஷ்ஷையும் ஐஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வா. சுதீஷ் தடுக்கமாட்டான். பெண்களுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், சம்மதித்து வரிசையில் நிற்பார்கள். யார் எந்த அறையில் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுது. சோப்பு வேண்டாம். ஜெபமலரிடம் வார்டிலேயே கேட்டுக்கொள், அவள் சரி என்றால் மட்டும். வரிசையின் கடைசியில் நான் நிற்பேன். அந்த மெஷினோடு அதிக நேரம் தூங்கியவன் நான்தான்.

ஆட்டோ பிடிக்கவேண்டாம், என் காரை அனுப்புகிறேன். இந்தத் தடவை குப்பையில் போடாதே.

கோமதிநாயகம்